வரலாற்று மனவடு: பூர்வகுடி அறிவும் உளவியலும் சேரும் இடம்

1879 அக்டோபரில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள கார்லைல் என்ற ஊரில் ஒரு பழைய ராணுவ முகாம் உறைவிடப் பள்ளியாக மாறியது. அங்கே முதலில் கொண்டுவரப்பட்டவர்கள் இன்றைய தெற்கு டகோட்டாவின் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் பகுதிகளைச் சேர்ந்த, லகோட்டா என்ற பூர்வகுடி இனத்துப் பிள்ளைகள். வந்த கொஞ்ச நாளிலேயே பையன்களின் நீண்ட முடியை வெட்ட ஆள் வந்தது. லகோட்டா வழக்கப்படி வீட்டில் சாவு விழுந்தால்தான் முடியை அறுத்துக்கொள்வார்கள். முதலில் மறுத்த ஒரு பையன், இரவில் தானே தன் முடியை அறுத்துக்கொண்டு திடலில் நின்று ஒப்பாரி வைத்தான். மற்ற பிள்ளைகளும் சேர்ந்து அழுதார்கள். பள்ளியை நிறுவிய ராணுவ அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பிராட்டே இதைப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைக்குள் இருக்கும் 'இந்தியனைக்' (அமெரிக்கப் பூர்வகுடிகளை அப்படித்தான் அழைத்தார்கள்) கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்று 1892இல் மேடையில் பேசியவரும் அவர்தான்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றார்கள். அப்பா அம்மா மடியில் வளராதவர்கள் எப்படி அப்பா அம்மா ஆனார்கள்? அவர்களுடைய பேரன் பேத்திகளிடம் இன்று காணப்படும் குடிநோய்க்கும் தற்கொலைக்கும் அந்த நாட்களோடு தொடர்பு உண்டா? உண்டென்றால் அதற்கு வைத்தியம் செய்ய வேண்டியவர் யார், உளவியலாளரா, சடங்கு நடத்தும் பெரியவரா? இந்தக் கேள்விகளை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடிச் சமூகங்களிலேயே பிறந்தவர்கள். பூர்வகுடி ஆய்வியல், உளவியல், குணமாக்கும் மரபு ஆகிய மூன்றிலும் கால் பதித்து நிற்கும் இந்தத் துறையைப் புரிந்துகொள்ள, 'வரலாற்று மனவடு' என்ற ஒரே கருத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். மற்றவை பின்னாலேயே வந்துவிடும்.

கருத்து எங்கிருந்து வந்தது

இந்தக் கருத்தை 1980களில் உருவாக்கத் தொடங்கியவர் மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட். லகோட்டா பெண்; சமூகப்பணியில் முனைவர் பட்டம் பெற்றவர். நாஜிகளின் இனப்படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைப் படித்தபோது, தன் மக்களிடம் தான் பார்த்துவந்தவை அங்கேயும் இருப்பதை அவர் கண்டார். ஒரு முழுக் கூட்டத்தின்மேல் விழுந்த பேரழிவால் மனத்தில் ஏற்படும் காயம் ஒருவரின் ஆயுளோடு முடிவதில்லை, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு சேர்க்கப்பட்டது. அந்த நோய்க்கணிப்பு ஒரு ஆளையும் அவருக்கு நேர்ந்த சம்பவங்களையும் வைத்துக் கட்டப்பட்டது. போரிலிருந்து வந்த சிப்பாய்க்கு, விபத்தில் சிக்கியவருக்கு அது பொருந்தும். ஆனால் பைன் ரிட்ஜில் இருக்கும் இருபது வயதுப் பையனுக்கு எந்தச் சம்பவத்தைக் காட்டுவது? நிலம் போனது அவன் பிறப்பதற்கு முன். மொழி போனது பாட்டி காலத்தில். 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ என்ற ஓடைக்கரையில் அமெரிக்கக் குதிரைப்படை 250 பேருக்கு மேல் சுட்டுக்கொன்றது. பெண்களும் குழந்தைகளும் அதில் ஏராளம். அவனுடைய கொள்ளுத்தாத்தா வீட்டார் அங்கே இருந்திருக்கலாம். இதில் ஒன்றுகூட அவனுக்கு நேரில் நேர்ந்ததில்லை. ஆனாலும் அவன் வளர்ந்த வீட்டின் மௌனம், கோபம், வறுமை எல்லாவற்றிலும் இவை கலந்திருக்கின்றன.

காயம் எப்படிக் கைமாறுகிறது என்று கேட்டால், அதில் மாயம் ஏதுமில்லை. உறைவிடப் பள்ளியில் அடிபட்டு வளர்ந்தவருக்குப் பிள்ளையை அணைக்கத் தெரியாமல் போகிறது. பேசக்கூடாததாகிவிட்ட விஷயங்கள் வீட்டில் கனத்துக் கிடக்கின்றன. போன நிலம் திரும்பி வராததால் வறுமையும் தொடர்கிறது. மரபணுவின்மேல் ஏற்படும் மாற்றங்கள் வழியாகவும் இது கடத்தப்படுகிறது என்று இணையத்தில் அடிக்கடி படிக்கிறோம். மனிதர்களைப் பொறுத்தவரை அதற்கான சான்று இன்னும் பலவீனம்தான். அடித்த பள்ளியும் பிடுங்கிய நிலமும் கண்முன்னே இருக்கும்போது உயிரணுவுக்குள் போய்க் காரணம் தேடுவது, பொறுப்பாளிகளைத் தப்பவிடுவதாகவே எனக்குப் படுகிறது.

தடை செய்யப்பட்ட துக்கம்

பிரேவ் ஹார்ட்டின் சிந்தனையில் என்னை அதிகம் பாதித்தது துக்கத்தைப் பற்றிய பகுதி. லகோட்டா மக்களிடம் ஒரு சடங்கு உண்டு. இறந்தவரின் முடியில் ஒரு கற்றையை எடுத்துப் பொதிந்து, ஓராண்டு காலம் வீட்டில் போற்றி வைத்திருப்பார்கள். அந்த ஆண்டு முழுக்க அக்குடும்பம் நடந்துகொள்ளும் முறையே வேறு. ஆண்டு முடிந்ததும் ஊரைக் கூட்டி, இருப்பதையெல்லாம் கொடையாகக் கொடுத்து, ஆன்மாவை விடைகொடுத்து அனுப்புவார்கள். 1883இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த விதிகள் சூரிய நடனம் என்ற சமயச் சடங்கையும், வைத்தியர்களின் வழக்கங்களையும், இழவு வீட்டில் சொத்துகளை அழிக்கும் வழக்கத்தையும் குற்றமாக்கின. மீறினால் உணவுப் பங்கீடு நிற்கும், சிறையும் உண்டு. ஆன்மாவைப் போற்றும் அந்தச் சடங்கு 1890இல் தடைசெய்யப்பட்டது. வூண்டட் நீ படுகொலையும் அதே ஆண்டில்தான்.

ஒப்பாரியையும் பதினாறாம் நாள் காரியத்தையும் போலீஸ் வைத்துத் தடுத்தால், அதுவும் ஊரே சாகும் ஒரு வருஷத்தில் தடுத்தால், நம் வீடுகள் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அழுது தீர்க்க முடியாத துக்கம் உள்ளேயே தங்கும். பூர்வகுடிகளின் சமய உரிமையைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் 1978இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பல சடங்குகள் மறைவாக நடந்தன. சில நின்றே போயின.

ஆகவே சடங்கைத் திரும்பக் கொண்டுவருவதே சிகிச்சையின் உள்ளடக்கம் என்று பிரேவ் ஹார்ட் முடிவுக்கு வந்தார். 1992இல் லகோட்டா மக்களின் புனித மலைகளான பிளாக் ஹில்ஸில் 45 பேரைக் கூட்டி நான்கு நாள் பட்டறை நடத்தினார். வந்தவர்கள் லகோட்டா சமூகத்திலேயே நலப்பணி செய்பவர்கள். அடுத்தவர் காயத்துக்குக் கட்டுப்போடும் வேலையில் இருந்தவர்கள். முதல் படி, தங்கள் மக்களுக்கு நடந்ததை நேருக்கு நேர் பார்ப்பது. படங்களும் பதிவுகளும் காட்டப்பட்டன. பிறகு அது தங்களை என்ன செய்திருக்கிறது என்று புரிந்துகொள்வது. அதன் பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசி, அழுது, வியர்வைக் குடில் சடங்கில் வலியை இறக்கி வைப்பது. கடைசியாக அதைக் கடந்து போவது. பட்டறைக்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்து அளந்தும் பார்த்தார். குற்றவுணர்வும் அவமானமும் பங்கேற்றவர்களிடம் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக்கு வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் மருத்துவ உலகம் இதைப் பெரிய நிரூபணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பல பூர்வகுடிச் சமூகங்களில் இந்த முறை பரவியது.

வியர்வைக் குடில் என்பது வளைத்த கொம்புகளின்மேல் தோலோ போர்வையோ மூடிய, குனிந்து நுழையும் ஒரு சிறு குடில். வெளியே நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கற்களை உள்ளே குழியில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். இருட்டு, ஆவி, பாட்டு, வேண்டுதல். நடத்துபவர் அதற்கான உரிமையை ஆண்டுக்கணக்கான பயிற்சியால் பெற்றிருப்பார். இந்த உரிமை எவ்வளவு முக்கியம் என்பது 2009 அக்டோபரில் தெரிந்தது. அரிசோனாவின் செடோனாவில் ஒரு சுயமுன்னேற்றப் பயிற்சியாளர் பெருந்தொகை வாங்கிக்கொண்டு நடத்திய போலி வியர்வைக் குடிலில் மூன்று பேர் இறந்துபோனார்கள். இப்படி விற்பவர்களைக் கண்டித்து லகோட்டா மக்கள் 1993லேயே ஒரு பகிரங்க அறிவிப்பு வெளியிட்டிருந்தார்கள்.

பல்கலைக்கழகத்துக்குள் வந்த வழி

பிரேவ் ஹார்ட்டுக்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்ல வேண்டும். கரோலின் அட்னீவ், தாய்வழியில் லெனாப்பே மரபினர். 1952இல் ஸ்டான்ஃபோர்டில் உளவியல் முனைவர் பட்டம் பெற்றவர். ஒருவருக்கு மனநெருக்கடி வந்தால் அவரைத் தனி அறையில் உட்கார வைத்துப் பேசுவதற்குப் பதிலாக, சொந்தபந்தம், நண்பர்கள், அக்கம்பக்கம் என்று நாற்பது ஐம்பது பேரை ஒரே கூடத்தில் கூட்டி, அந்தக் கூட்டத்தையே மருந்தாக்கும் முறையை மனநல மருத்துவர் ராஸ் ஸ்பெக்குடன் சேர்ந்து வளர்த்தார். 1975 முதல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராகவும் பூர்வகுடி ஆய்வியல் பிரிவின் தலைவராகவும் இருந்தார். இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் உட்கார முடியும் என்று காட்டியவர் அவர்.

எடுவார்டோ டுரான் வேறு வகை. 1980களில் கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் பூர்வகுடி மக்களிடையே உளவியலாளராக வேலைக்குப் போனார். என்ன பிரச்சினை என்று அவர்களைக் கேட்டபோது நோய்ப் பெயர் எதுவும் வரவில்லை. ஆன்மாவில் பட்ட காயம் என்றார்கள். மண்ணுக்கு நேர்ந்ததையும் மனிதருக்கு நேர்ந்ததையும் பிரிக்காமல் பேசினார்கள். அதையே நோய்க்கணிப்பாக எடுத்துக்கொண்டு தன் சிகிச்சை முறையை அவர் கட்டினார். குடிநோயோடு வருபவரிடம் மதுவை ஒரு ஆவியாக எண்ணி அதோடு பேசச் சொல்வார், புகையிலை வைத்து அதற்கு மரியாதை செய்யச் சொல்வார். 'நான் ஒரு குடிகாரன்' என்ற முத்திரை அங்கே கழன்றுவிடுகிறது. மது வெளியே இருக்கும் ஒரு சக்தி, அதனோடு நான் வைத்திருக்கும் உறவை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆகிறது. பேச்சு சிகிச்சை தெரிந்தவர்களுக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும்.

கருத்தைச் சோதித்தவர்கள்

ஒரு கருத்து பரவிவிட்டால் அதைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும். இந்தத் துறையில் அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜோசப் கோன். மொன்டானாவின் ஆனீ இனத்தவர்; இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, மிச்சிகனில் பல ஆண்டுகள் கற்பித்து, 2018 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். தன் சொந்த ஊரான ஃபோர்ட் பெல்க்னாப்பில் ஒரு பெரியவரிடம் அவர் எடுத்த நேர்காணல் துறையில் பிரபலம். எங்கள் ஆட்களை மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் அங்கே வரலாற்றைத் துடைத்து வெள்ளைக்காரனாக்கி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தை அந்தப் பெரியவர் வெளிப்படுத்தினார். இலவசமாகச் சிகிச்சை கிடைத்தாலும் மக்கள் ஏன் வருவதில்லை என்று குழம்பியவர்களுக்கு இதில் பதில் இருந்தது.

அதே கோன்தான் வரலாற்று மனவடுவையும் உரசிப் பார்த்தார். 2014இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கிர்மேயருடனும் இன்னொருவருடனும் சேர்ந்து எழுதியபோது எழுப்பிய கேள்விகள் கூர்மையானவை. எல்லாப் பூர்வகுடிகளின் வரலாறும் ஒன்றா? இன்றைக்கும் நடக்கும் நிலப்பறிப்பையும் பாகுபாட்டையும் 'பழைய காயம்' என்று சொல்லி மறைத்துவிடுகிறோமா? ஒரு முழு மக்களையும் நிரந்தர நோயாளிகளாக எழுதிவைக்கிறோமா? கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2019இல் அவரும் உடனிருந்தவர்களும் பார்த்தபோது, ஆளுக்கு ஒரு விதமாக இதை அளந்திருந்ததால் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை. கருத்தைக் கைவிடச் சொல்லும் விமர்சனமாக இதை நான் படிக்கவில்லை. காயத்தைச் சொல்லும்போது அதை உண்டாக்கியவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் இதிலுள்ள கோரிக்கை.

இந்த இடத்தில் கனடாவின் ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்வது அவசியம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏறத்தாழ 200 பூர்வகுடிச் சமூகங்களில் 1987 முதல் 1992 வரை இளைஞர் தற்கொலைகளை மைக்கேல் சாண்ட்லரும் கிறிஸ்டோஃபர் லலோண்டும் ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தார்கள், 1998இல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் விகிதம் பயங்கரம். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட ஊர்களில் அந்த ஆண்டுகளில் ஒரு இளைஞர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. பெரும்பாலான சாவுகள் மிகச் சில ஊர்களில் குவிந்திருந்தன. எங்கே குறைவு என்று தேடினார்கள். சுயாட்சி, நிலத்துக்கான வழக்கு, பள்ளி, சுகாதாரம், காவலும் தீயணைப்பும், பண்பாட்டுக்கென ஒரு கட்டடம் ஆகிய ஆறில் எத்தனை அந்த மக்களின் கையில் இருக்கிறதோ, அத்தனைக்குத் தற்கொலை குறைந்திருந்தது. ஆறும் இருந்த ஊர்களில் ஒன்றுகூட இல்லை. அதே வரலாற்றைக் கடந்து வந்த ஊர்கள்தான் எல்லாமே. நில வழக்கை நடத்துவதும் மனநலப் பணிதான் என்று இந்தத் துறையினர் அடித்துச் சொல்வதற்குப் பின்னால் இந்த எண்கள் இருக்கின்றன.

தமிழில் இதைப் படிப்பவர்களுக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமல் இருக்காது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர்க்காலத்தில் பல ஆண்டுகள் அங்கே சிகிச்சை அளித்தவர். வட இலங்கையின் கூட்டு மனவடு பற்றி 2007இல் எழுதியபோது அவரும் தனியாளிலிருந்து குடும்பத்துக்கும் ஊருக்கும் பார்வையை விரித்தார்: நம்பிக்கை அறுந்துபோன உறவுகள், வாய் திறக்காத ஊர்கள். மருந்தோடு மூச்சுப் பயிற்சி, மந்திரம் சொல்வது, கிறிஸ்தவர்களுக்குச் செபமாலை என்று அவரவர் மரபிலிருந்தே அமைதிப் பயிற்சிகளைச் சேர்த்தார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர்ந்து போராடுகிறார்கள். உடல் இல்லை, உறுதி இல்லை, அந்தியேட்டி என்ற ஈமக்கடனைச் செய்ய வழியில்லை. 1890இன் லகோட்டா வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் காரணங்கள் வேறு. முடிக்க முடியாத துக்கம் என்ற நிலை ஒன்று.

ஆய்வு செய்பவர் யாருக்குக் கணக்குச் சொல்வார்

பூர்வகுடிகள் ஆய்வாளர்களைப் பார்த்துப் பயப்படக் காரணம் இருக்கிறது. அரிசோனாவின் ஹவாசுபாய் மக்கள் 1990களில் நீரிழிவு ஆய்வுக்கென்று ரத்தம் கொடுத்தார்கள். அதை மனச்சிதைவு ஆய்வுக்கும், தங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் பயன்படுத்தியது பிறகு தெரிந்தது. வழக்கு 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு முடிந்தது. மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பி வந்தன. இப்படிப்பட்ட அனுபவங்களால் இன்று பல பூர்வகுடி அரசுகள் தங்களுக்கென ஆய்வு நெறிமுறைக் குழு வைத்திருக்கின்றன. நவாஹோ மக்களின் குழு, ஆய்வு தொடங்கும் முன் மட்டுமல்ல, கட்டுரை அச்சாகும் முன்னும் அதைப் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்கிறது.

கோன் மொன்டானாவின் பிளாக்ஃபீட் மக்களோடு செய்த வேலையில் இந்த ஒழுங்கைப் பார்க்கலாம். அங்கே ஒரு குடிநோய் சிகிச்சை மையம் வழக்கமான முறையைப் பின்பற்றி வந்தது. தங்கள் மரபுவழி வாழ்க்கையையே சிகிச்சையாக வைத்துப் பார்க்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. 2012 கோடையில் நான்கு ஆண்கள் கூடாரத்தில் தங்கி, மரபு தெரிந்தவர்களோடு வேண்டுதலும் வேலையுமாக நாட்களைக் கழித்தார்கள். நான்கு பேரை வைத்து எந்தப் புள்ளிவிவரமும் பேச முடியாது. செய்ய முடியும், மக்கள் விரும்புகிறார்கள் என்பதைக் காட்டுவதோடு அந்த ஆய்வு நிறுத்திக்கொண்டது. இந்த அடக்கம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வேறு யாராவது என்றால் அதற்கு ஒரு பெயர் சூட்டி நாடு முழுக்கப் பயிற்சி வகுப்பு நடத்தியிருப்பார்கள்.

இந்த வேலைக்குப் போவது எப்படி

அமெரிக்காவில் வழக்கமான பாதை மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம். ஐந்தாறு ஆண்டு ஆகும். ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் அதில் அடங்கும். பிறகு மாநில உரிமம். வடக்கு டகோட்டா, மொன்டானா, ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் பூர்வகுடி மாணவர்களுக்கென உளவியல் முனைவர் படிப்புக்கு மத்திய அரசின் இந்தியர் சுகாதாரச் சேவை உதவுகிறது. ரோஸ்பட்டில் 1971இல் தொடங்கிய சின்டே க்ளெஸ்கா போன்ற, பூர்வகுடிகளே நடத்தும் கல்லூரிகளில் முதல் பட்டம் வாங்கிவிட்டு வருபவர்களும் உண்டு. சமூகப்பணி, பொதுச் சுகாதாரம், பூர்வகுடி ஆய்வியல் வழியாக வருபவர்களும் இருக்கிறார்கள். பிரேவ் ஹார்ட் அப்படி வந்தவர்தான்.

சடங்கு நடத்தும் தகுதிக்குப் பட்டம் கிடையாது. அதைத் தருவது ஒரு பெரியவரும் அந்த ஊரும். கேட்டு வாங்கவும் முடியாது. பேராசிரியர்களில் பலர் சடங்கு நடத்துவதில்லை, நடத்துபவரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். நோயாளி கேட்டால் மருத்துவமனையே பூர்வகுடி வைத்தியரையும் பெரியவர்களையும் அழைக்க வேண்டும் என்று கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் தன் 94 பரிந்துரைகளில் 22ஆவதாகச் சொன்னது. அப்படி அழைக்கும்போது அவருக்கு யார் ஊதியம் தருவது, மருத்துவக் குறிப்பில் எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதையெல்லாம் பேசித் தீர்ப்பதும் இந்தப் பேராசிரியர்களின் அன்றாட வேலைதான்.

வெளியிலிருந்து வரும் மாணவருக்கும் இடமுண்டு. ஆனால் கேள்வித்தாளோடு நேராகப் போய் நிற்க முடியாது. பள்ளியில் உதவுவது, கூட்டங்களில் உட்கார்ந்து கேட்பது என்று முதலில் அந்த ஊருக்குத் தெரிந்த முகமாக வேண்டும். எதை ஆராயலாம் என்பதையும் ஊரே சொல்லும். நெறிமுறைக் குழு மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளலாம்; சில பகுதிகளை நீக்கச் சொல்லலாம்; சடங்கின் விவரங்களை எழுதவே கூடாது என்று சொல்லலாம். முனைவர் பட்டத்துக்கு நாள் குறிக்கும்போதே அந்த மாதங்களையும், நீக்கப்போகும் அந்தப் பக்கங்களையும் கணக்கில் வைத்துத்தான் ஆய்வைத் திட்டமிட வேண்டும்.